2026 புளூ ஜேஸ்: 95 வெற்றி, கிழக்கில முதலிடம். என்ர கணிப்பு

நீலச்சிறகு

எங்கட ரொறன்ரோ பேஸ்போல் அணி புளூ ஜேஸின்ர பயிற்சி முகாம் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். ஆக்கள் புளோரிடாவில இருக்கிற டனீடனுக்குப் போய்ச் சேர முன்னம் என்ர கணிப்பை இங்க பதிஞ்சு வைக்கிறன். செப்டெம்பரில வந்து ஆரும் கேள்வி கேக்கலாம், பதில் சொல்லுவன்.

95 வெற்றி, 67 தோல்வி. அமெரிக்கன் லீக்கின்ர கிழக்குப் பிரிவில முதலிடம். லீக் பட்டம் திரும்பவும் எங்களுக்கு. வேர்ல்ட் சீரிஸ் எண்ட இறுதித் தொடரில இந்தமுறை விடமாட்டம்.

போன நவம்பர் 1 ராத்திரி வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தில டொட்ஜர்ஸிட்டத் தோத்ததை மனசில வைச்சுக்கொண்டு எழுதுறன் எண்டு சொல்லுவியள். ஓம், அப்பிடித்தான். ஒன்பதாவது இன்னிங்ஸில இன்னும் ரெண்டு அவுட் எடுத்திருந்தால் 1993க்குப் பிறகு முதல் கிண்ணம். மிகுவேல் ரோஹாஸ் அடிச்சு சமப்படுத்தினார். பதினோராவதில வில் ஸ்மித் அடிச்சார். 5-4. அதுக்குப் பிறகு ரெண்டு கிழமை நான் பேஸ்போல் பக்கமே திரும்பேல்லை. பிறகு ஒருநாள் இருந்து ஏழு ஆட்டத்தையும் கூட்டிப் பாத்தன். நாங்கள் எடுத்த ஓட்டம் 34, டொட்ஜர்ஸ் எடுத்தது 26. தோத்த அணியின்ர கணக்கு மாதிரியோ இருக்கு?

அந்த அணிக்கு மேலதான் இப்ப பிச்சர் (பந்து எறியிறவர்) டிலன் சீஸ் வந்திருக்கிறார். ஏழு வருசம், 21 கோடி டொலர். 2021இலிருந்து ஒவ்வொரு வருசமும் 32 ஆட்டத்துக்குக் குறையாமல் தொடங்கி, ஒவ்வொரு வருசமும் 200க்கு மேல ஸ்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே ஆளை வெளியேத்திறது) எடுத்த மனுசன். கொரியாவில 17-1 எண்டு எறிஞ்சு அங்கத்த எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) ஆன பிச்சர் கோடி பொன்ஸ் வாறார். மூண்டாம் பேஸுக்கு யொமியூரி ஜயன்ற்ஸில 248 ஹோம் ரன் அடிச்ச கசுமா ஒகமோட்டோ. புல்பென்னுக்கு, அதாவது தொடங்கின பிச்சருக்குப் பிறகு வந்து எறியிற கூட்டத்துக்கு, டைலர் ரொஜர்ஸ், போன வருசம் 81 ஆட்டம் எறிஞ்சவர்.

எங்கட ஷோர்ட்ஸ்டொப் போ பிஷெட் நியூ யோர்க் மெற்ஸுக்குப் போனது வலிக்குது, அதை மறைக்கேல்லை. ஆனாலும் தனி ஆக்களின்ர கணக்கு இதுதான்: விளாடி (விளாடிமிர் குரேரோ ஜூனியர்) 35 ஹோம் ரன். ஸ்பிரிங்கர் 28. சீஸ் 220 ஸ்ரைக் அவுட். ட்ரே யெசாவேஜ் லீக்கின்ர சிறந்த புதுமுகம்.

கணக்கன்

தம்பி, 34-26 எண்டு ஏழு ஆட்டத்தைக் கூட்டினீர். 162 ஆட்டத்தையும் கூட்டிப் பாத்தீரோ? அடிச்சது 798, கொடுத்தது 721. வித்தியாசம் 77 ஓட்டம். ஓட்டத்தை வைச்சு வெற்றியைக் கணிக்கிற வழமையான சூத்திரத்தில போட்டால் 88, 89 வெற்றிதான் வரும். நாங்கள் எடுத்தது 94. அதுவும் யாங்கீஸும் அதே 94. நேருக்கு நேர் மோதினதில நாங்கள் கூட வெண்டதால மட்டும்தான் முதலிடம் எங்களுக்கு வந்தது. அவையின்ர வித்தியாசம் 164.

அடுத்தது ஸ்பிரிங்கர். 2024இல அடிச் சராசரி .220, 19 ஹோம் ரன். 2025இல .309, 32 ஹோம் ரன். வாற செப்டெம்பரில அவருக்கு 37 வயசு. இந்த ரெண்டு வருசத்தில எது உண்மையான ஸ்பிரிங்கர்? நீர் 28 எண்டு போட்டது ஆசையில. நான் 19 எண்டு போடுவன்.

விளாடி ஒக்டோபரில எட்டு ஹோம் ரன் அடிச்சவர். ஆனா ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரைக்கும், ஆறு மாசத்தில, மொத்தம் 23 தான். சீஸின்ர 4.55 ஈஆர்ஏயையும் (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கிற ஓட்டத்தின்ர சராசரி, குறைஞ்சால்தான் நல்லது) நீர் எழுதாமல் விட்டிட்டீர்.

2023இல வேர்ல்ட் சீரிஸில தோத்த அரிசோனா அடுத்த வருசம் 89 ஆட்டம் வெண்டும் பிளேஓஃப்புக்குப் போகேல்லை. என்ர கணிப்பு: 86 வெற்றி, மூண்டாம் இடம்.

பிராங்க்ஸ்_பக்கம்

நியூ ஜெர்சிலேர்ந்து ஒரு யாங்கீஸ் ரசிகன். அடிக்க வராதீங்க. போன அக்டோபர்ல டிவிஷன் சீரிஸ்ல 3-1ன்னு எங்களை வீட்டுக்கு அனுப்பினது நீங்கதான், அதனால மரியாதையோடதான் பேசறேன்.

கணக்கன் சார் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. கிழக்குல மத்தவங்களும் சும்மா உக்காந்திருக்கல. பால்டிமோர் பீட் அலோன்சோவை எடுத்திருக்கு. பாஸ்டன் போன வருஷமே 89 ஜெயிச்ச டீம், இப்ப சோனி கிரேயும் ரேஞ்சர் சுவாரெஸும் சேர்ந்திருக்காங்க. எங்களுக்கு ஜட்ஜ் இருக்கார், போன வருஷம் 53 ஹோம் ரன், .331. மேக்ஸ் ஃப்ரீட் இருக்கார். கையில ஆபரேஷன் பண்ணிக்கிட்ட கெரிட் கோல் இந்த சீசன்ல திரும்பி வந்தா கேக்கவே வேணாம். ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிட்டே இருக்கப்போற டிவிஷன் இது. 95 ஜெயிக்க இங்க இடம் எங்க இருக்கு?

ஐந்நூறாம்_தட்டு

நான் ரொஜர்ஸ் சென்ரரில மேல்தட்டில இருந்து பாக்கிற ஆள். அங்கயிருந்து பாத்தால் பந்து எங்க போகுது, ஆர் எங்க நிக்கினம் எண்டது வடிவாத் தெரியும். அதாலதான் பிஷெட் போனதை நீலச்சிறகு ஒரு வரியோட தாண்டினதை என்னால விடேலாமல் இருக்கு.

பிஷெட் .311 அடிச்சவர், 94 ஓட்டம் உள்ள கொண்டுவந்தவர். முழங்கால் காயத்தோட வந்து, நேராக நடக்கவே கஷ்டப்பட்டுக்கொண்டு, ஏழாவது ஆட்டத்தில ஒஹ்தானி எறிஞ்ச பந்தை மூண்டு ஓட்ட ஹோம் ரன் ஆக்கினவர். அந்த நேரம் முழு அரங்கமும் எழும்பினதை நான் சாகும்வரை மறக்கமாட்டன்.

ஆனா ஷோர்ட்ஸ்டொப்பில, ரெண்டாம் மூண்டாம் பேஸுக்கு நடுவில நிக்கிற இடத்தில, அவற்ற எல்லை சுருங்கிக்கொண்டே வந்தது. இப்ப அந்த இடத்தில நிக்கப்போறது ஆந்த்ரேஸ் ஹிமெனெஸ். செக்கண்ட் பேஸில மூண்டு தரம் கோல்ட் குளோவ் (சிறந்த தடுப்பாளர் விருது) வாங்கின கை. பக்கத்தில ஏர்னி கிளெமென்ற். வெளிக்களத்தின்ர நடுவில டோல்டன் வார்ஷோ. அடியில குறையிற ஓட்டத்தில ஒரு பங்கை இவை தடுப்பில திருப்பித் தருவினம். கெவின் கௌஸ்மன் மாதிரி ஒரு பிச்சருக்கு, நிலத்தில உருளுற பந்து அவுட் ஆகிறது எவ்வளவு பெரிய காரியம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

முழுப் பங்கும் திரும்பி வரும் எண்டு நான் சொல்லேல்லை. ஹிமெனெஸ் போன வருசம் .210. வரிசையில கடைசியில அவர் நிண்டால் ஒவ்வொரு நாளும் ஒரு ஓட்டை இருக்கும்.

என்ர கணக்கு 91. வைல்ட் கார்ட், அதாவது பிரிவில முதலிடம் வராமலே பிளேஓஃப்புக்குப் போற இடம்.

நீலச்சிறகு

அக்கா, தடுப்பைப் பற்றி எழுதினதுக்கு நன்றி. எனக்கு அது வடிவாச் சொல்ல வரேல்லை.

கணக்கன் அண்ணை, அந்த 77 ஓட்டத்தைப் பற்றி. அது முழு வருசத்துக் கணக்கு. மே கடைசிக் கிழமை வரைக்கும் எங்களுக்கு வெற்றியைவிடத் தோல்விதான் கூட. அதுக்குப் பிறகு விளையாடினது வேற அணி மாதிரி. கனடா தினத்தன்று யாங்கீஸுக்கு எதிரா ஸ்பிரிங்கர் ஒரே ஆட்டத்தில ஏழு ஓட்டம் உள்ள கொண்டுவந்தார், அதில ஒரு கிராண்ட் ஸ்லாம் (பேஸ் நிறைஞ்சு நிக்கேக்க அடிக்கிற நாலு ஓட்ட ஹோம் ரன்). அந்தத் தொடரில நாலு ஆட்டத்தையும் வெண்டனாங்கள். முதல் ரெண்டு மாசத்து அணியையும் பிந்தின நாலு மாசத்து அணியையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், ரெண்டையும் சரியாகக் காட்டாத ஒரு எண்தான் வரும்.

அரிசோனாவைச் சொன்னீங்கள். நான் கான்சஸ் சிற்றியைச் சொல்லுறன். 2014இல ஏழாவது ஆட்டத்தில, சமப்படுத்திற ஓட்டம் மூண்டாம் பேஸில நிக்கத் தோத்தவை. 2015இல கிண்ணம் எடுத்தவை. அந்த வருசம் லீக் இறுதியில அவை அடிச்சு அனுப்பினது ஆரை? எங்களை. ஸ்ரைக் அவுட் ஆகாமல் பந்தைத் தொட்டு உள்ள போடுறது, நல்ல தடுப்பு, ஆழமான பிச்சிங். அந்த ரோயல்ஸின்ர வடிவம்தான் இப்ப எங்களிட்ட இருக்கிறது. போன வருசம் .265 எண்டு முழு மேஜர் லீக்கிலயும் கூடின சராசரி எங்கடது. இது ஒரு ஆளின்ர நல்ல வருசத்தில தொங்கிற விசயம் இல்லை.

கணக்கன்

ரோயல்ஸ் ஒப்பீடு நல்லது, ஒத்துக்கொள்ளுறன். ஆனா அவையின்ர பலம் புல்பென். எங்கட பலவீனம் புல்பென். ஜெஃப் ஹொஃப்மன் ஒக்டோபரில அருமையா எறிஞ்சார், ஆனா சீசன் முழுக்க ஹோம் ரன் கொடுத்துக்கொண்டிருந்தவர். கடைசியில ரோஹாஸ் அடிச்சதும் அவற்ற பந்துதான். டைலர் ரொஜர்ஸ் வந்தது எனக்கும் சந்தோசம். மணிக்கு 83 மைல் அளவில, கை நிலத்தை உரசிற மாதிரிக் கீழயிருந்து எறிஞ்சு, போன வருசம் 1.98 ஈஆர்ஏ. ஆனா அவர் ஆளை அடிக்க விட்டுத் தடுப்பாளரை நம்பிற பிச்சர். பேஸ் நிறைஞ்சு நிக்கேக்க ஒரு ஸ்ரைக் அவுட் வேணும் எண்டால் ஆரைக் கூப்பிடுவீர்?

யெசாவேஜையும் கொஞ்சம் ஆறுதலாப் பாருங்கோ. போன வருசம் டனீடன், வன்கூவர், நியூ ஹம்ப்ஷயர், பஃபலோ எண்டு கீழ்மட்ட அணிகளில நாலு படி ஏறி, செப்டெம்பர் நடுவில இங்க வந்து, வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது ஆட்டத்தில 12 ஸ்ரைக் அவுட். ஒரு புதுமுகம் வேர்ல்ட் சீரிஸில அதுக்கு முன்னம் அப்பிடிச் செய்ததில்லை. 22 வயசுக் கை. இந்த வருசம் நிர்வாகம் அவரைப் பொத்திப் பொத்தித்தான் எறிய விடும், விடவும் வேணும். நீர் அவரை முழு வருசத்துப் பிச்சரா எண்ணிறீர்.

பிராங்க்ஸ்_பக்கம்

ஒரு சந்தேகம், ரொம்ப நாளா மனசுல இருக்கு. ஏழாவது ஆட்டத்தோட ஒன்பதாவது இன்னிங்ஸ்ல பேஸ் ஃபுல்லா இருந்தப்ப உங்க கைனர்-ஃபலேஃபா மூணாவது பேஸை விட்டு ஏன் அவ்வளவு கம்மியா நகர்ந்து நின்னார்? வார்ஷோ அடிச்ச பந்தை ரோஹாஸ் தடுமாறி எடுத்துத்தான் ஹோமுக்கு எறிஞ்சார். கொஞ்சம் தள்ளி நின்னிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும்.

ஐந்நூறாம்_தட்டு

தம்பி, அதுக்கு முதல்நாள் என்ன நடந்தது எண்டு பாருங்கோ. ஆறாவது ஆட்டம் முடிஞ்சதே அடிசன் பார்ஜர் செக்கண்ட் பேஸில டபுள் பிளேயில (ஒரே பந்தில ரெண்டு அவுட்) பிடிபட்டுத்தான். கீக்கே ஹெர்னாண்டஸ் ஓடிவந்து பிடிச்சு எறிஞ்சார். அடுத்த நாள் எல்லாருக்கும் அந்தப் பயம். லைன் டிரைவ் வந்தால் திரும்பேலாமல் போயிடும் எண்டு, பேஸுக்குக் கிட்ட நிக்கச் சொல்லித்தான் தனக்குச் சொன்னவை எண்டு கைனர்-ஃபலேஃபாவே பிறகு சொன்னவர். அந்தப் பெடியனைத் திட்டுறதை இனி நிப்பாட்டவேணும். வீட்டில என்ர மகனுக்கும் இதைத்தான் சொல்லுறன்.

இன்னுமொண்டு. ஸ்பிரிங்கர், கௌஸ்மன், வார்ஷோ, பிச்சர் ஷேன் பீபர். இந்த நாலு பேருக்கும் ஒப்பந்தம் இந்த வருசத்தோட முடியுது. விளாடியின்ர 14 வருச, 50 கோடி டொலர் ஒப்பந்தம் இந்த வருசம்தான் தொடங்குது, அவர் இருப்பார். ஆனா இதே கூட்டம் ஒண்டாச் சேர்ந்து ஆடப்போறது இதுதான் கடைசித்தரம். அதாலயே 91 எண்டு எழுத மனம் வரேல்லை. எண்டாலும் எழுதினதை எழுதினதாவே விடுறன்.

கணக்கன்

அக்கா ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னது என்னையும் யோசிக்க வைச்சுது. அப்பிடி எண்டால் ஜூலையில அணி பின்தங்கி நிண்டாலும் நிர்வாகம் ஆக்களை விக்காது, புல்பென்னுக்கு ஆள் எடுக்கும். போன வருசம் பீபரை எடுத்ததும் அந்த நேரத்திலதான். அதுக்கு ரெண்டு வெற்றி கூட்டுறன். 88, மூண்டாம் இடம், கடைசி வைல்ட் கார்ட் எங்களுக்கு. ஸ்பிரிங்கர் 19தான்.

நீலச்சிறகு

86 எண்டு தொடங்கி 88க்கு வந்திட்டீங்கள், எனக்கு அது போதும். யெசாவேஜ் விசயத்தில நீங்கள் சொன்னது சரி. சிறந்த புதுமுகம் எண்டதை எடுத்துவிடுறன், 130 இன்னிங்ஸ் எண்டு போடுறன். மிச்சத்தைப் பொன்ஸ் எறிவார். ஸ்பிரிங்கரை 24க்கு இறக்கிறன்.

95 அப்பிடியே நிக்கட்டும்.