புதுப்பிப்பு: பிள்ளைகளை இயற்கையைப் பற்றி எழுத வைப்பது

இயற்கையைப் பற்றி எழுதச் சொன்னால் பதின்வயதுப் பிள்ளைகள் ‘இயற்கை அன்னை’, ‘மரம் வளர்ப்போம்’ என்று பேச்சுப்போட்டி நடையிலேயே எழுதுகிறார்கள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். தலைப்பைச் சுருக்கச் சொன்னீர்கள் பலர். அது பலித்தது.

‘இயற்கை’ என்ற சொல்லுக்கே தடை போட்டேன். தினமும் கண்ணில் படும் ஏதாவது ஓர் உயிர், அவ்வளவுதான். ஒரு பெண் ஜன்னல் விளிம்பில் போகும் எறும்பு வரிசையை எடுத்துக்கொண்டாள். குறுக்கே விரலால் துடைத்திருக்கிறாள். வாசனைத் தடம் அழிந்ததும் எறும்புகள் அங்கேயே நின்று தடுமாறியிருக்கின்றன. பள்ளி மாறிய முதல் நாள் தான் நின்ற நிலையை அதோடு சேர்த்து எழுதியிருந்தாள். அசந்துவிட்டேன்.

அப்புறம், மழை மண்வாசனைக்கு மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் ஒரு முக்கியக் காரணம் என்று சொன்னதும், ஒரு பையன் அந்தப் பாக்டீரியாவே பேசுவதாக எழுதினான். செம குறும்பு!

முதல் வரைவில் எழுத்துப்பிழையைத் தொடுவதில்லை. தொட்டால் பழைய நடைக்கே ஓடிவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடையாது. சிலர் இன்னும் எதுவும் எழுதவில்லை, படம்தான் வரைகிறார்கள். சரி, வரையட்டும்.