ஆர்.என்.ஏ.வைத் தாங்குவது பிணைந்த மக்னீசியமா, சூழ்ந்த மக்னீசியமா?

படிகம்:
மக்னீசியம் அயனிகள் ஆர்.என்.ஏ.வைச் சூழ்ந்து பரவி நின்று அதன் முதுகெலும்பிலுள்ள பாஸ்பேட்டுகளின் எதிர்மின்சுமையைத் தணிக்கின்றன, அதற்குமேல் அவற்றுக்கு வேலையில்லை என்று இங்கே சிலர் வாதிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. டெட்ராஹைமினா என்னும் ஒருசெல் உயிரியின் ரைபோசைமில், அதாவது வினையூக்கியாகச் செயல்படும் ஆர்.என்.ஏ.வில், 160 நியூக்ளியோடைடுகள் (ஆர்.என்.ஏ. சங்கிலியின் அலகுகள்) கொண்ட பி4-பி6 பகுதியின் படிக அமைப்பு 1996-இல் வெளியானது. மூன்று சுருள்கள் கூடும் அதன் மையத்தில் ஐந்து மக்னீசியம் அயனிகள் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்திருக்கின்றன; வெளியே நோக்க வேண்டிய பாஸ்பேட்டுகள் அவற்றை நோக்கி உள்ளே திரும்பியிருக்கின்றன. ஒன்றையொன்று விலக்கும் சுமைகளை அத்தனை நெருக்கத்தில் நிறுத்த, பரவி நிற்கும் அயனிகளால் ஆகாது.

கரைசல்:
அந்த ஐந்தும் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை சிறுபான்மை. மக்னீசியம் அயனியின் ஆரம் ஏறத்தாழ 0.72 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. இவ்வளவு சிறிய உருவில் இரட்டை நேர்மின்சுமை செறிந்திருப்பதால், அது ஆறு நீர் மூலக்கூறுகளை எண்முக வடிவில் இறுகப் பற்றிக்கொள்கிறது. அவற்றில் ஒன்றை விலக்கிவிட்டுப் பாஸ்பேட்டின் ஆக்சிஜனை நேரடியாகத் தொடுவதற்கு ஆகும் ஆற்றல் செலவு மிகப் பெரியது. ஆகவே பெரும்பாலான அயனிகள் நீர்க்கூட்டைக் களையாமலேயே ஆர்.என்.ஏ.வின் அருகில் உலவுகின்றன. நீர்க்கூட்டுடன் கூடிய மக்னீசியத்தை ஒத்த கோபால்ட் ஹெக்ஸமீனை எண்ணிப் பாருங்கள்: அதன் ஆறு அம்மோனியா மூலக்கூறுகள் எளிதில் விலகுவதில்லை, எனவே நேரடிப் பிணைப்புக்கு அங்கே வழியே இல்லை. இருந்தும் ஹேர்பின் ரைபோசைம் என்னும் வேறொரு ரைபோசைம் அதன் முன்னிலையில் செயல்படுகிறது.

நுண்நோக்கு:
படிகத்துக்கு ஓர் எச்சரிக்கை. எக்ஸ்-கதிர்ப் படிகப் படத்தில் தெரிவது எலக்ட்ரான்களின் அடர்த்தியே. மக்னீசியம் அயனி, சோடியம் அயனி, நீர் மூலக்கூறு மூன்றிலும் பத்து எலக்ட்ரான்களே உள்ளன. பிரிதிறன் குறைந்த படங்களில் ஒன்றை மற்றொன்றாகக் குறித்துவிடுவது எளிது. புரதங்களைக் கட்டும் ரைபோசோமின் அமைப்புகளில் மக்னீசியம் என்று குறிக்கப்பட்ட பல இடங்கள் பின்னர் கேள்விக்குள்ளாயின.

படிகம்:
எச்சரிக்கை நியாயமானது, ஆயினும் பி4-பி6 விவாதம் படத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. அந்த மையத்திலுள்ள நான்கு மக்னீசியப் பிணைப்பிடங்களில் எந்த ஒன்றிலும் ஒரேயொரு அணுவை மாற்றினாலே முழுப் பகுதியும் தன் முப்பரிமாண வடிவுக்கு மடியாமல் போகிறது என்று 1997-இல் காட்டப்பட்டது. சூழ்ந்து நிற்கும் அயனிகளே போதுமெனில், ஓர் அணுவின் மாற்றம் 160 நியூக்ளியோடைடுகளைக் குலைப்பானேன்? ஹேர்பின் ரைபோசைம் உங்கள் வாதத்துக்கு வசதியான எடுத்துக்காட்டு, எல்லா ஆர்.என்.ஏ.வும் அப்படி நடந்துகொள்வதில்லை.

கரைசல்:
ஓர் இடத்தைக் குலைத்தால் மடிப்பு சிதைகிறது என்பது அவ்விடத்தின் இன்றியமையாமையைக் காட்டுகிறது. நிலைப்புக்கான மொத்த ஆற்றலில் அதன் பங்கு எவ்வளவு என்பதைக் காட்டவில்லை. மக்னீசியச் செறிவு உயர உயர மடிப்பு செங்குத்தாக ஏறுவதைக் கண்டு, அந்த ஏற்றம் எவ்வளவு செங்குத்தோ அத்தனை பிணைப்பிடங்கள் உள்ளன என்று கருதிவிடும் வழக்கமும் உண்டு, அதுவும் தவறு. மடியாத ஆர்.என்.ஏ.வும் அயனிகளை ஈர்க்கவே செய்கிறது. நெருங்கி மடிந்த நிலை அதைவிட எத்தனை அயனிகளைக் கூடுதலாகத் திரட்டுகிறது என்பதையே அந்த ஏற்றத்தின் செங்குத்து சொல்லுகிறது. அந்தக் கூடுதலில் அமர்ந்தவை எத்தனை, உலவுபவை எத்தனை என்று அதிலிருந்து பிரித்தறிய முடியாது.

படிகம்:
அப்படியானால் அதே ஏற்றத்தை உலவும் அயனிகளுக்குச் சான்றாகவும் நீங்கள் காட்ட முடியாது. செல்லினுள் தனித்த மக்னீசியம் ஏறத்தாழ ஒரு மில்லிமோலார் (செறிவின் அலகு)தான். பொட்டாசியமோ நூறு மில்லிமோலாருக்கும் மேல். சுமையைத் தணிப்பது மட்டுமே தேவையெனில் அவ்வளவு பொட்டாசியம் இருந்தும் பி4-பி6 மக்னீசியத்துக்காக ஏன் காத்திருக்கிறது என்பதற்கு முதலில் விடை கூறுங்கள்.