போவாவின் ஜப்பானிய இசைத்தொகுப்பு: சிங்கப்பூரில் வாங்கிய சிடி போலியா?

யாங்கோன் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். கொரியப் பாடகி போவா 2006 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியிட்ட 'அவுட்குரோ' தொகுப்பின் சிடி ஒன்று என்னிடம் இருக்கிறது. சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த என் அக்கா முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது அது. அண்மையில் தோழி ஒருத்தி, ஜப்பானில் ஏறக்குறைய 3,000 யென்னுக்கு வாங்கிய அதே தொகுப்பைக் காட்டினாள். அக்கா கொடுத்த விலை அதில் பாதிகூட இல்லை என்பதால், என்னுடையது டூப்ளிகேட் என்கிறாள். மனம் ஆறவில்லை. பின்னட்டையில் எனக்குப் படிக்கத் தெரியாத ஜப்பானிய வரி ஒன்றும் உள்ளது. கொரியாவில் பிறந்தவர் ஜப்பானிய மொழியில் தனித் தொகுப்புகள் பாடியது ஏன் என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மோல்மேன் அன்பர்:
தங்கச்சி, விலையை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். ஜப்பானில் சிடியின் சில்லறை விலையை வெளியீட்டு நிறுவனமே நிர்ணயிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கடைக்காரர் அதைக் குறைக்க முடியாது. தைவானிலும் ஹாங்காங்கிலும் அந்த விலைக்கு வாங்குவோர் குறைவு, போலிகளும் மலிந்து கிடந்தன. ஆகவே உரிமம் பெற்ற நிறுவனங்கள் ஆசியச் சந்தைக்கெனக் குறைந்த விலையில் தனிப் பதிப்பு வெளியிட்டன. அந்த மலிவுப் பதிப்புகள் ஜப்பானுக்கே திரும்பி வந்து விற்பனையைக் கெடுத்ததால், 2004இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, 2005 ஜனவரி முதல் அவற்றின் இறக்குமதியைத் தடுக்க வழி செய்தார்கள். அதற்காகவே "ஜப்பானுக்குள் விற்கக் கூடாது" என்னும் பொருள்பட ஒரு வரியை அச்சிடுகிறார்கள். உங்கள் பின்னட்டையில் இருப்பது அதுவானால், அக்கா வாங்கியது முறையான ஆசியப் பதிப்பாகவே இருக்கக்கூடும்.

பெகு வாசகர்:
மொழி பற்றிய கேள்விக்கு என் பதில். போவா 2000 ஆகஸ்டில், 13 வயதில், கொரியாவில் அறிமுகமானார். மறு ஆண்டே ஏவெக்ஸ் என்னும் ஜப்பானிய இசை நிறுவனத்தின் வழியாக ஜப்பானுக்குச் சென்றார். 2002 மார்ச்சில் வந்த அவருடைய முதல் ஜப்பானியத் தொகுப்பு ஜப்பானின் இசை விற்பனைத் தரவரிசையான ஓரிகான் பட்டியலில் முதலிடம் பெற்றது. கொரியர் ஒருவருக்கு அதுவே முதல் முறை. ஆனால் ஜப்பானிய மொழிப் பாடல் தட்டுகளைக் கொரியாவில் விற்க 2004 ஜனவரி வரை அனுமதியில்லை. அவர் தாய்நாட்டுக்கு ஒன்றும் ஜப்பானுக்கு ஒன்றுமாகத் தனித்தனித் தொகுப்புகள் பாடி வந்ததற்கு இந்தத் தடையும் ஒரு காரணம். அயல்நாட்டு மெட்டுக்குப் பர்மியச் சொற்களை இட்டு வேறொருவர் பாடும் காப்பிப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரே பாடகி இரு மொழிகளையும் பயின்று தாமே பாடியது எனக்கு இன்றும் வியப்புதான்.

மோல்மேன் அன்பர்:
இன்னொன்று. சிடியைத் திருப்பி, நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தை விளக்கொளியில் பாருங்கள். முறையாக அச்சான தட்டில், இசைத்தட்டு நிறுவனங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பைக் குறிக்கும் ஐஎஃப்பிஐ (IFPI) என்னும் எழுத்துகளும் ஆலைக்குரிய குறியீடும் மிக நுண்ணியதாக இருக்கும். போலிகளில் பெரும்பாலும் அது இராது, அல்லது சுரண்டப்பட்டிருக்கும்.

யாங்கோன் வாசகி:
பார்த்தேன் அண்ணா. எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன, சுரண்டிய தடமே இல்லை. இன்றிரவே அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லப் போகிறேன்.