சுனாமி எச்சரிக்கை வந்தா என்ன செய்யணும்? நாகை, வேளாங்கண்ணி பக்கம் இருக்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம்ங்க. பாலக்கோட்டிலிருந்து எழுதுறேன். டிசம்பர் கடைசியில எங்க தெருவிலிருந்து 40 பேர் பஸ் பிடிச்சு வேளாங்கண்ணி போறோம். பாதிப் பேர் கடலையே பார்த்ததில்ல. ஆறுன்னா எங்களுக்குப் பழக்கம்; காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையுற பிலிகுண்டுலுவில நீர்வரத்து கூடினா ஒகேனக்கல்ல பரிசலை நிறுத்திடுவாங்க. கடலுக்கு அப்படி யார் சொல்லுவாங்க?

2004 டிசம்பர் 26-ல சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்து, சுனாமி அலை நம்ம கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அவ்வளவு நேரம் இருந்தும் ஜனங்களுக்குத் தகவல் போகலைங்கிறது இன்னும் மனசை அறுக்குது. 2007-ல இருந்து ஐதராபாத்துல சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கு. அங்கிருந்து வர்ற செய்தி, கரையில நிக்கிற வெளியூர்க்காரங்க காதுக்கு எப்படி வந்து சேருது? சைரனா, மாதா கோவில் மைக்கா, செல்போனா? எந்த ரோட்டுல உள்ளே போகணும், எந்தக் கட்டட மாடி ஏறலாம்?

போன தடவை எங்க பாட்டி, அலை விலகின ஈர மணல்ல குனிஞ்சு சிப்பி பொறுக்கிக்கிட்டே தூரமா போயிட்டாங்க. கடல் திடீர்னு உள்வாங்கினா உடனே கரையை விட்டு ஓடணும், முதல் அலையோட முடிஞ்சுடாதுன்னு பஸ்ஸிலயே எல்லாருக்கும் சொல்லப்போறேன். ஆனா பாட்டிக்கு முட்டி வலி, ஓட முடியாது. அவங்களை மாதிரி ஆளுங்களுக்கு அங்க என்ன ஏற்பாடு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.