கடைமாற்றும் வாசியும்: ‘டைனமிக் கரன்சி கன்வர்ஷன்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

மதிப்பிற்குரிய கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வெளிநாடு செல்வோருக்கான வங்கி அட்டைக் கையேட்டைத் தமிழில் எழுதும் பணி ‘டைனமிக் கரன்சி கன்வர்ஷன்’ என்ற தொடரில் வந்து நிற்கிறது. ‘இயங்குநிலை நாணய மாற்றம்’, ‘மாறும் நாணய மாற்றம்’, ‘உடனடி நாணய மாற்றம்’ ஆகிய மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். மூன்றுமே ‘டைனமிக்’ என்ற அடைமொழிக்கு ஈடு தேடுகின்றன. அந்த அடைமொழி, சேவையை விற்பவர்கள் தங்கள் சரக்குக்குச் சூட்டிக்கொண்ட பெயர். வாங்குபவர் பக்கம் நின்று பார்த்தால் அங்கே இயங்குவதும் இல்லை, மாறுவதும் இல்லை. சொல்லைப் பெயர்ப்பதை விட்டுவிட்டுச் செயலைப் பார்த்துப் பெயரிட வேண்டும் என்பதே என் கருத்து.

செயல் இதுதான். பாரிசில் ஒரு கடையில் இந்திய அட்டையை நீட்டுகிறோம். அட்டை ரூபாய்க் கணக்கைச் சேர்ந்தது என்பதைக் கடையின் ஸ்வைப் மெஷின் கண்டுகொண்டு, ‘யூரோவில் செலுத்துகிறீர்களா, ரூபாயில் செலுத்துகிறீர்களா?’ என்று கேட்கிறது. யூரோ என்றால் தொகை யூரோவாகவே புறப்பட்டு, விசா அல்லது மாஸ்டர்கார்டு வலையமைப்பின் விகிதத்தில் ரூபாயாகி, நம் வங்கியின் கட்டணத்தோடு கணக்கில் ஏறும். ரூபாய் என்றால் கடைக்கு மெஷின் கொடுத்திருக்கும் நிறுவனமோ அதன் கூட்டாளியோ தானே ஒரு விகிதத்தை வைத்து, அதில் தன் இலாபத்தையும் சேர்த்து, கடை வாசலிலேயே மாற்றிவிடும். அந்த இலாபத்தில் ஒரு பங்கு பல இடங்களில் கடைக்காரருக்கும் போகிறது. ரூபாயைக் கேட்டால் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிக்குத்தான் விலை.

புதுச்சேரியில் இதன் மறுபக்கத்தையும் பார்க்கலாம். 1954-இல் ஆட்சி கைமாறி, 1962-இல் சட்டப்படி இணைப்பு முடிந்த பிறகும், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்த குடும்பங்கள் இங்கே உள்ளன; அவர்களில் பலருக்கு ஓய்வூதியம் யூரோவில் வருகிறது. என் தெருவில் உள்ள முதியவர் ஒருவர் உள்ளூர்க் கடையொன்றில் பிரெஞ்சு வங்கி அட்டையைக் கொடுத்தபோது, மெஷின் திரையில் ரூபாய்த் தொகையும் யூரோத் தொகையும் அருகருகே தோன்றின. ‘என் பணம் யூரோதானே’ என்று அதையே அழுத்திவிட்டார். பில்லை வீட்டுக்குக் கொண்டுவந்து கணக்குப் பார்த்த பிறகே கூடுதலாகப் போனது தெரிந்தது. கடையின் பெயர் இங்கே தேவையில்லை; கடைக்காரருக்கே விவரம் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த முதியவரால் இன்னொரு சிக்கலும் எனக்குப் புலப்பட்டது. ஆங்கிலக் கையேடுகள் ‘ஹோம் கரன்சி’, ‘லோக்கல் கரன்சி’ என்று எழுதுவதை நாம் ‘தாய்நாட்டு நாணயம்’, ‘உள்ளூர் நாணயம்’ என்று ஆக்கிவைத்திருக்கிறோம். புதுச்சேரியிலேயே பிறந்து, இங்கேயே வாழ்ந்து, யூரோ அட்டை வைத்திருப்பவருக்கு எது தாய்நாட்டு நாணயம்? பாரிசுக்குப் போன கடலூர்க்காரருக்கு ‘உள்ளூர்’ என்றால் எந்த ஊர்? ஆகவே ‘அட்டை நாணயம்’, ‘அவ்வூர் நாணயம்’ என்ற இணையைப் பரிந்துரைக்கிறேன். முன்னது அட்டையின் கணக்கு எந்த நாணயத்தில் உள்ளதோ அது. பின்னது செலவு எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊரில் வழங்குவது.

இனி தலைச்சொல். எப்படி மாற்றுகிறார்கள் என்பதைவிட எங்கே மாற்றுகிறார்கள் என்பதே வாங்குபவருக்கு முக்கியம். மாற்று கடையில் நடப்பதால் ‘கடைமாற்று’ என்கிறேன். காசு மாற்றுவது நம் ஊர்களில் கடைத் தொழிலாகவே இருந்தது. சிதம்பரத்துக் காசுக்கடைத் தெருவின் பெயர் அதற்குச் சான்று. பொன்னின் தரத்தையும் ‘மாற்று’ என்றே சொல்கிறோம் என்பதால் ‘கடைமாற்று’ என்றதும் மட்டமான பொன் நினைவுக்கு வரலாம். வந்தால் வரட்டும், அதுவும் பொருத்தமே.

விகிதத்தில் மறைத்து ஏற்றும் இலாபத்துக்கு, ஆங்கிலத்தில் ‘மார்க்அப்’ எனப்படுவதற்கு, புதுச்சொல்லே வேண்டியதில்லை. திருவீழிமிழலையில் பஞ்சக் காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு கிடைத்தது என்பதும், அப்பரின் காசை வணிகர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ள, சம்பந்தரின் காசுக்கு மட்டும் வட்டம், அதாவது மாற்றுவதற்கான கழிவு, பிடித்துக்கொண்டார்கள் என்பதும் நாம் அறிந்த கதை. ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று அவர் பாடியது அந்தப் பிடித்தத்தைத்தான். காசை மாற்றும்போது இடையில் ஒருவர் பிடித்துக்கொள்ளும் வேறுபாடு வாசி. பாரிஸ் கடையின் மெஷினில் நடப்பதும் அதுவே.

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து

•

ஐயா, வணக்கம்.

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் சில திருத்தங்கள் சொல்ல விரும்புகிறேன்.

தங்கள் மடலைப் படிப்பவர், கடைமாற்றை மறுத்துவிட்டால் வாசியே இல்லை என்று எண்ணிவிடக்கூடும். நம் வங்கிகளும் அயல்நாணயக் கட்டணம் என்ற பெயரில் ஒரு வாசி பிடிக்கின்றன. பெரும்பாலான அட்டைகளில் அது 2 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக ஒரு யூரோ 100 ரூபாய் என்றும், விடுதிக் கட்டணம் 200 யூரோ என்றும் கொள்வோம். யூரோவில் செலுத்தினால் 20,000 ரூபாய், 3.5 சதவீதக் கட்டணம் 700, அதற்கு ஜிஎஸ்டி 126, ஆக 20,826 ரூபாய். ரூபாயில் செலுத்தி, கடைமாற்றின் வாசி 6 சதவீதமாக இருந்தால், திரையில் 21,200 ரூபாய் என்று வரும். ‘கட்டணம் இல்லை’ என்ற சொற்களும் அதன் கீழே வருவதுண்டு. ஆனால் நம் வங்கிகளில் பல, வெளிநாட்டில் ரூபாயில் செய்யும் செலவுக்கென்றே தனியாக 1 சதவீதம் வாங்குகின்றன. அது 212 ரூபாய், ஜிஎஸ்டி 38 ரூபாய், ஆக 21,450 ரூபாய். வேறுபாடு 624 ரூபாய். அயல்நாணயக் கட்டணமே இல்லாத அட்டை வைத்திருப்பவருக்கு அது 1,450 ரூபாயாகிவிடும். இந்த 1 சதவீதத்தைப் பற்றித்தான் வாடிக்கையாளர்கள் என்னிடம் அதிகம் சண்டை பிடித்திருக்கிறார்கள். ‘ரூபாயில்தானே கொடுத்தேன், எதற்குக் கட்டணம்?’ என்ற கேள்விக்கு அவர்கள் ஏற்கும் விடையை என்னால் ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. ஆகையால் ‘கடைவாசி’, ‘வங்கிவாசி’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.

அடுத்து, ஏடிஎம் கடையாகாது. ஆனால் வெளிநாட்டு ஏடிஎம்களிலும் இதே கேள்வி வருகிறது. சொல்லப்போனால் அங்கேதான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். திரையில் ‘மாற்றை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா?’ என்று கேட்கும்போது, மறுத்தால் பணமே வராது என்று அஞ்சி ஏற்றுக்கொள்கிறார்கள். எனக்குப் பின்னால் நான்கு பேர் நிற்கும் நிலையில் நானே ஒருமுறை சிங்கப்பூரில் அப்படி ஏற்றிருக்கிறேன், இத்தனைக்கும் விவரம் தெரிந்தவள். ஏடிஎம்முக்கும் பொருந்தும் வகையில் ‘முன்மாற்று’ என்றால் என்ன? தொகை வலையமைப்புக்குள் நுழையும் முன்பே நடக்கும் மாற்று என்று விளக்கம் தரலாம்.

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து

•

அம்மையாருக்கு வணக்கம்.

கடைவாசி, வங்கிவாசி என்ற பிரிப்பை நன்றியோடு ஏற்கிறேன். கையேட்டில் தங்கள் கணக்கையே எடுத்துக்காட்டாக வைக்கலாம்.

‘முன்மாற்று’ நல்ல ஆக்கம்தான். தயக்கம் ஒன்றே ஒன்று. ஊரிலிருந்து புறப்படும் முன்பே ரூபாயைக் கொடுத்து யூரோ நோட்டு வாங்கிக்கொள்வதை அல்லவா பயணி ‘முன்மாற்று’ என்று நினைப்பார்? ‘கடை’ என்ற சொல்லுக்கு வணிகம் நடக்கும் இடம் என்பதோடு முனை, இறுதி என்ற பொருள்களும் உண்டு. கடைக்கண் என்கிறோம்; தங்கள் மாவட்டத்திலேயே கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. வங்கியில் தொடங்கி வலையமைப்பு வழியாக ஓடும் கால்வாயின் கடைமடைதான் கடையின் மெஷினும் ஏடிஎம்மும். அந்தப் பொருளில் ‘கடைமாற்று’ இரண்டையும் தழுவும்.

ஏடிஎம் பற்றித் தாங்கள் எழுதியது தலைச்சொல்லைவிட முக்கியமானது. குழப்பம் பொத்தானின் வாசகத்தில் இருக்கிறது. ‘மறுக்கிறேன்’ என்ற ஒற்றைச் சொல், எதை மறுக்கிறோம் என்று சொல்வதில்லை. மாற்றை மறுத்தாலும் பணம் வரும், தொகை அவ்வூர் நாணயமாகவே வலையமைப்புக்குப் போகும், அவ்வளவுதான். ஆகவே தமிழில் எந்தத் திரைக்கு வாசகம் எழுத நேர்ந்தாலும் ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்பவற்றைத் தவிர்த்து, ‘கடைமாற்றுடன் பணம் எடு’, ‘கடைமாற்று இல்லாமல் பணம் எடு’ என்று எழுதவேண்டும். இரண்டிலும் ‘பணம் எடு’ என்பது இருப்பதால் அச்சத்துக்கு இடமில்லை.

கடைவாசி எவ்வளவு என்பதைத் திரையிலேயே காட்டவேண்டும் என்ற கோரிக்கைக்கு ஐரோப்பாவில் சட்டமே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின்படி, ஒன்றிய நாடுகளின் நாணயங்களுக்கு இடையே கடைமாற்றுச் செய்வோர், ஐரோப்பிய மத்திய வங்கி வெளியிடும் விகிதத்துக்கு மேல் தாங்கள் எத்தனை சதவீதம் ஏற்றுகிறார்கள் என்பதை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். இது 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சதவீதத்துக்குத் தமிழில் ‘கடைவாசி விகிதம்’ என்று எழுதிவிடலாம்.

தெரிவு அட்டைதாரருடையது என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளிலும் உள்ளது. கடை ஊழியர் கேட்காமலேயே ரூபாயை அழுத்திவிட்டால், கையெழுத்திடும் முன் அந்தப் பரிமாற்றத்தை நீக்கிவிட்டு அவ்வூர் நாணயத்தில் மீண்டும் போடச் சொல்லலாம். ஊர் திரும்பிய பிறகு தெரியவந்தால், ரசீதோடு தம் வங்கியில் முறையிடலாம். ரசீதை எறிந்துவிடக் கூடாது என்ற வரியைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடவேண்டும்.

என் வரைவு இது: ‘கடைமாற்று: அட்டை நாணயமும் அவ்வூர் நாணயமும் வேறுபடும்போது, தொகை அட்டை வலையமைப்பைச் சென்றடையும் முன்பே, கடையின் மெஷினிலோ ஏடிஎம்மிலோ, அதை நடத்துவோர் வைக்கும் விகிதத்தில், கடைவாசி சேர்த்து, அட்டை நாணயத்துக்கு மாற்றுதல், அட்டைதாரர் வேண்டாம் எனலாம்.’

வரைவின் இறுதித் தொடரை நீக்கிவிடலாமா என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார், கலைச்சொல் விளக்கத்தில் அறிவுரை கூடாது என்று. அது அறிவுரை இல்லை; அந்தச் சேவையின் விதியிலேயே உள்ள பண்பு. இருக்கட்டும் என்பதே என் விருப்பம், குழு முடிவு செய்யலாம்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து