டோனி க்வின் பற்றி என் மகனுக்கு எப்படிச் சொல்வது?

மிராமெசாவாசி:
ஜூன் 16 நெருங்கினாலே எனக்கு மனசு கனத்துப்போகும். 2014இல் அது ஒரு திங்கட்கிழமை. சான் டியேகோ பாட்ரேஸ் அணியின் பேஸ்பால் வீரர் டோனி க்வின் போய்விட்டார், வயது 54தான் என்று செய்தி வந்த பிறகு ஆபீசில் வேலை ஓடவில்லை. சாயங்காலம் நேரே அந்த அணியின் மைதானமான பெட்கோ பார்க்குக்குப் போனேன். அவர் சிலையின் காலடி முழுக்கப் பூங்கொத்துகள், தொப்பிகள், பந்துகள். ஒரு பெரியவர் க்வினின் 19ஆம் எண் போட்ட பழைய ஜெர்ஸியை, கைப்பகுதி இரண்டையும் உள்ளே மடித்து, துணிக்கடையில் மடிப்பதுபோல் நேராக்கி வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்க அவருக்கு மனசில்லை.

நான் சான் டியேகோவுக்கு வந்தது 1997இல். எனக்கு பேஸ்பால் புரிந்ததே அவர் ஆட்டத்தைப் பார்த்துத்தான். இப்போது என் பையனுக்கு 12 வயது. இடதுகைக்காரன், சிறுவர்களுக்கான லிட்டில் லீக் பேஸ்பால் ஆடுகிறான். நேற்று க்வினின் கணக்கைப் பார்த்துவிட்டு, "20 வருஷத்தில் வெறும் 135 ஹோம் ரன்தானா அப்பா?" என்று கேட்டான். 3,141 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்வது), 8 முறை பேட்டிங் பட்டம் (சீசனின் உயர்ந்த சராசரிக்கு) என்று அடுக்கினேன். அவன் முகத்தில் எதுவும் ஏறவில்லை. அவர் ஆடிப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள், நீங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

கவர்டிரைவ்:
அண்ணா, எண்ணை விடுங்கள், இடத்தைக் காட்டுங்கள். ஸ்கோர் எழுதும்போது ஒவ்வொரு ஃபீல்டருக்கும் ஒரு எண்: மூன்றாம் பேஸில் நிற்பவர் 5, அவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஷார்ட் ஸ்டாப் 6. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் சந்துக்கு க்வின் வைத்த பெயர் 5.5. எல்லோரும் இழுத்து அடிக்கப் பார்க்கும்போது, இவர் பந்தை உள்ளே வரவிட்டு அந்தச் சந்துக்குள் தள்ளிவிடுவார். நம் ஊர் கிரிக்கெட் கணக்கில், இடதுகை ஆட்டக்காரர் பாயிண்டுக்கும் கவருக்கும் நடுவே பார்த்துப் பார்த்துத் தட்டுவதுபோல. அங்கே ஆள் நிற்பது தெரிந்தும் பந்து போகும். கிரெக் மேடக்ஸ் எவ்வளவு பெரிய பிட்சர் (பந்து வீசுபவர்)! அவரால் க்வினை ஒரு தடவைகூட ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்ய முடியவில்லை. 20 வருஷத்திலும் சேர்த்தே 434 தடவைதான் ஸ்ட்ரைக் அவுட். இன்று ஒரே சீசனில் 200ஐத் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய_வீசிஆர்:
வீடியோ கதையைச் சொல்லுங்கள். 1983இல் ஆட்டம் சரியில்லாதபோது, வெளியூரிலிருந்து மனைவி அலிசியாவுக்குப் போன் செய்து, வீட்டு வீசிஆரில் ஆட்டத்தைப் பதிவு செய்யச் சொன்னார். திரும்பி வந்து தன் தவறைத் தானே பார்த்துத் திருத்திக்கொண்டார். அந்தக் காலத்தில் அப்படிச் செய்தவர்கள் அரிது. 12 வயதுப் பையனுக்கு இது பிடிக்கும்.

எனக்கு ஆறாதது 1994தான். 419 பேட்டிங் வாய்ப்புக்கு 165 ஹிட், சராசரி 0.394. இன்னும் 3 ஹிட் விழுந்திருந்தால் 0.400. 1941இல் டெட் வில்லியம்ஸுக்குப் பிறகு அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் யாரும் தொடாத எண் அது. ஆகஸ்ட் 12இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் வந்து அந்த சீசன் அப்படியே நின்றது. இன்றைக்கும் அந்த மூன்றை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

கடலோரம்:
நான் வேறு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பையனிடம் புகையிலையையும் சொல்லுங்கள். க்வினுக்கு வந்தது உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய். வருஷக்கணக்காகக் கன்னத்தில் அடக்கிய புகையிலைதான் காரணம் என்று அவரே நம்பினார். என் அப்பாவும் சட்டைப் பையில் பன்னீர்ப் புகையிலைப் பொட்டலத்தோடு வாழ்ந்தவர். கடைசி வருஷங்களில் அவருக்கு வாயைத் திறப்பதே கஷ்டம். சோற்றைக் குழைத்து, சின்ன ஸ்பூனில் நான்தான் ஊட்டுவேன். க்வின் செய்தி வந்தபோது எனக்கு அந்த ஸ்பூன்தான் கண்ணில் வந்தது. 2016இல் ஆட்டக்காரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு மேஜர் லீக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் புகையிலை மெல்லக் கூடாது. அந்த விதியில் அவருடைய உயிரும் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மிராமெசாவாசி:
எல்லோருக்கும் நன்றி. கடலோரம், கோபம் எதற்கு? அப்பா பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன், பையனுக்கும் படித்துக் காட்டினேன்.

இன்று சாயங்காலம் பூங்காவில் மூன்றாம் பேஸுக்கும் ஷார்ட் ஸ்டாப்புக்கும் நடுவே இரண்டு தண்ணீர் பாட்டில்களை நிறுத்தி, "இதுதான் 5.5" என்றேன். ஒரு வாளிப் பந்து போட்டேன். முதல் பத்தையும் ஹோம் ரன் வேகத்தில் சுற்றினான். ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. அப்புறம் பந்தை உள்ளே வரவிட ஆரம்பித்தான். கடைசியில் ஒன்று பாட்டில்களுக்கு நடுவே புல்லை உரசிக்கொண்டு போனது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பந்து நிற்கும்வரை அதையே பார்த்தான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு பந்து பொறுக்க ஓடினான். "இன்னொரு வாளி போடுங்கப்பா."