‘கேஷ்’ நம்ம ‘காசு’தானா?

வாசகன்77:
தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் கட்டுமரம், மிளகுத்தண்ணிக்குப் பக்கத்திலேயே ‘கேஷ்’ இருக்கிறது. ஓர் அகராதியைப் பார்த்தால் பிரெஞ்சு மூலம் என்கிறது, இன்னொன்றில் தமிழும் வருகிறது. எதை நம்புவது? ‘பே இன் கேஷ்’, ‘பே பை கேஷ்’ இவற்றில் எது சரி என்றும் சொல்லுங்கள்.

சொல்வேர்:
இரண்டு அகராதியும் சரிதான். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் உண்டு. பெரிய அகராதிகளில் தலைச்சொல்லை ஒட்டிச் சின்னதாக 1, 2 என்று எண் இருக்கும். அதைக் கவனிக்காமல் படிப்பதால் வரும் குழப்பம் இது.

இன்று ரொக்கம் என்ற பொருளில் வழங்குவது முதல் கேஷ். லத்தீனில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கெஸ்’ என்றாகி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. வந்த புதிதில் பணப்பெட்டியையும் குறித்தது, பெட்டிக்குள் இருக்கும் பணத்தையும் குறித்தது. பிறகு பெட்டிப் பொருள் உதிர்ந்துபோய்ப் பணம் மட்டும் நின்றது. நாம் ‘நல்லா கல்லா கட்டுது’ என்கிறபோது கல்லாப்பெட்டியைச் சொல்லி வசூலைக் குறிக்கிறோமே, அதே போக்கு. பெட்டியைப் பார்த்துக்கொள்பவர் கேஷியர். கேப்ஸ்யூலும் இந்த ‘காப்ஸா’ வீட்டுப் பிள்ளைதான்.

இரண்டாவது கேஷ்தான் நம் காசு. போர்ச்சுகீசியர் அதைக் ‘கைஷா’ என்று எழுதினார்கள், அவர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பொருள் பொதுவான ரொக்கம் அல்ல, மதிப்புக் குறைந்த சிறு நாணயம். சீனாவின் சதுர ஓட்டை போட்ட நாணயத்துக்கும் ஐரோப்பியர் இதே பெயரை வைத்தார்கள்.

வாசகன்77:
சோழர் கல்வெட்டுகளிலேயே ‘ஈழக்காசு’ வருகிறதே? அவ்வளவு பழைய சொல் பிரெஞ்சுக்கும் போயிருக்கலாம் இல்லையா?

சொல்வேர்:
பழமை மட்டும் போதாது. சொல் எந்த வழியாகப் போனது, போன இடத்தில் முதலில் என்ன பொருளில் வந்தது, இரண்டையும் காட்ட வேண்டும். முதல் கேஷின் தொடக்கப் பயன்பாட்டில் பெட்டி நிற்கிறது. காசுக்குப் பெட்டி என்ற பொருள் எந்தக் காலத்திலும் கிடையாது. சிக்கலைக் கூட்டுவதற்கென்றே போர்ச்சுகீசிய மொழியில் ‘கைஷா’வுக்குப் பெட்டி என்றும் பொருள் உண்டு. ஒலி ஒத்துப்போனதால் நம் காசை அந்த எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு கேஷும் ஒன்று என்ற எண்ணத்துக்கு இது நல்ல தீனி.

செப்புக்காசு:
இரண்டாவது கேஷை நாணயத்திலேயே பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் சோஹோ ஆலையில் அடித்த செப்புக்காசுகளில் ‘20 கேஷ்’ என்று ரோமன் எண்ணில் பொறித்திருக்கும் (1803, 1808). பழைய கணக்கு (பணம், வராகன் இரண்டும் இங்கே நாணயப் பெயர்கள்): 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது வராகனுக்கு 3,360 காசு. ஆங்கில ஆவணங்களில் பணம் ‘ஃபனம்’, வராகன் ‘பகோடா’. திருவிதாங்கூர்க் கணக்கு வேறு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். பழைய ஆவணத்தில் ‘கேஷ்’ என்று கண்டதும் ரொக்கம் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். பக்கத்தில் ஃபனமோ பகோடாவோ இருந்தால் அது காசு.

இலக்கணப்புலி:
பயன்பாட்டுக்கு வருகிறேன். ‘பே இன் கேஷ்’, ‘பே கேஷ்’ இரண்டும் சரி. ‘பை செக்’, ‘பை கார்டு’ பழக்கத்தில்தான் ‘பை கேஷ்’ வந்து ஒட்டிக்கொள்கிறது, தவிர்ப்பது நல்லது. ரொக்கம் என்ற பொருளில் இது எண்ண முடியாத பெயர்ச்சொல், ஆகவே ‘எ கேஷ்’ கூடாது. ‘கேஷஸ்’ வினையாக வரலாம்: ஒருவர் செக்கை மாற்றிப் பணம் எடுக்கிறார் என்பதற்கு. ‘கேஷ் இன் ஆன்’ என்றால் ஒரு வாய்ப்பைப் பயன்படுத்தி ஆதாயம் பார்ப்பது, கொஞ்சம் குத்தல் தொனியோடு.

ஒருவரைப் படையிலிருந்து அவமதிப்போடு நீக்குவதற்கும் ‘கேஷியர்’ என்றொரு வினை உண்டு. டச்சு வழி வந்தது, பணத்தோடு சம்பந்தமில்லை. கணினியில் வரும் கேஷ் மூன்றாவது ஆள்: ‘ஒளித்துவைத்தல்’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது, எழுத்துக்கூட்டலும் வேறு. பிரவுசரில் ‘கிளியர் கேஷ்’ அழுத்தினால் பணம் போகாது, பயப்பட வேண்டாம் 😄